நல்ல கொழுப்பில் பிறப்பின் பங்கையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நல்ல கொழுப்பைக் கூட்டும் உணவுகளைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதாம், பூண்டு, மீன், நடைப்பயிற்சி எல்லாம் இருந்தன. மரபணு என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் ஹெச்.டி.எல். ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 60 என்று வேறுபடுவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபணுக்களுக்கு உண்டு என்பது, இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அதை விட்டுவிட்டு எழுதும்போது, எண் குறைந்திருப்பவர் எல்லாம் சரியாகச் சாப்பிடாதவர், சோம்பேறி என்று ஆகிவிடுகிறது.

நான் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பல வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலருடைய கண் நேராக ஹெச்.டி.எல். வரிக்குத்தான் போகும். ஆண்களுக்கு 40-க்குக் கீழே, பெண்களுக்கு 50-க்குக் கீழே இருந்தால் முகம் வாடிவிடும். "தினமும் நடக்கிறேனே மேடம், இன்னும் ஏறலையே" என்பார்கள். வேறு சிலர், "ஒரு பெக் போட்டா நல்ல கொழுப்பு ஏறுமாமே" என்று கேட்பார்கள். மதுவால் ஹெச்.டி.எல். கொஞ்சம் ஏறுவது உண்மைதான். கூடவே டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். இதயத்தைக் காப்பாற்ற யாருக்கும் குடியைச் சிபாரிசு செய்ய முடியாது. இவர்கள் எல்லோரையும்விட எனக்கு அதிகக் கவலை தந்தவர்கள், "எனக்கு நல்ல கொழுப்பு 70 இருக்கு" என்ற தைரியத்தில் கெட்ட கொழுப்புக்கான மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டவர்கள்.

மரபணுவின் பங்குக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் டான்ஜியர் என்று ஒரு சிறிய தீவு இருக்கிறது. 1960 வாக்கில் அங்கே ஒரு சிறுவனின் டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. டொனால்ட் ஃப்ரெட்ரிக்சன் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரின் குழு பரிசோதித்தபோது, அவன் ரத்தத்தில் ஹெச்.டி.எல். கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவனுடைய சகோதரிக்கும் அப்படியே. சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்ந்த தீவு அது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தவர்களுக்கு வருவதுதான், தீவின் பெயராலேயே அழைக்கப்படும் டான்ஜியர் நோய். பழுது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தவர்களுக்கு ஹெச்.டி.எல். ஏறக்குறைய பாதியாக இருக்கும். ஏ.பி.சி.ஏ.1 என்ற அந்த மரபணுவைக் கண்டுபிடிக்க 1999 வரை ஆனது. செல்லுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளி ஹெச்.டி.எல். துகளில் ஏற்றிவிடுவது அதன் வேலை. அது நடக்காவிட்டால் துகள் உருவாகாமலே சிதைந்துபோகிறது. இப்படிப்பட்டவர் எத்தனை கிலோ பாதாம் சாப்பிட்டால் என்ன?

டான்ஜியர் நோய் மிக மிக அரிது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரே மரபணு எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஹெச்.டி.எல்.-ஐத் தொடும் மரபணு இடங்கள் ஏராளம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அதோடு தொப்பை, புகை, சர்க்கரை, உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாம் சேர்கின்றன. சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2014-இல் வெளியிட்ட கணக்கில், தமிழ்நாடு உள்பட நான்கு பகுதிகளில் பரிசோதித்தவர்களில் 72.3 சதவீதம் பேருக்கு ஹெச்.டி.எல். குறைவு. நான்கில் மூன்று பேருக்குக் கொஞ்சம் குறைய இருக்கும் ஒரு விஷயத்தைத் தனிமனிதரின் ஒழுக்கக்கேடு மாதிரி எழுதுவது நியாயமில்லை.

கட்டுரையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எண்ணைக் கூட்டினால் மாரடைப்பு குறையும் என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. 1977-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களிடம் நடந்த இதயநோய் ஆய்வு, ஹெச்.டி.எல். அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டியதிலிருந்து இந்த நம்பிக்கை வேரூன்றிவிட்டது. அந்தத் தொடர்பு உண்மை. அது காரணமா, வெறும் அடையாளமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தந்தது மரபணு ஆராய்ச்சிதான்.

இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்ற ஊர். 1930-கள் வரை சாலை வசதிகூட இல்லாத இடம். அந்த ஊரைச் சேர்ந்த ஒருவருக்கு ஹெச்.டி.எல். படுமோசமாகக் குறைந்திருந்தும் ரத்தக்குழாய்கள் நன்றாக இருந்ததை, செசாரே சிர்டோரி குழு 1980-இல் எழுதியது. ஹெச்.டி.எல். துகளின் முக்கியப் புரதமான அப்போ ஏ-1-இல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. சர்ச் பதிவேடுகளைப் புரட்டியதில், அந்த மாற்றம் உள்ள அனைவரும் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே தம்பதியின் வழிவந்தவர்கள் என்று தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான செய்தி 2016-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேனியல் ரேடர் குழு, ஹெச்.டி.எல். மிக அதிகமாக இருந்தவர்களை ஆராய்ந்தபோது ஒரு பெண்ணின் அளவு 150-ஐத் தாண்டியிருந்தது. கல்லீரலில் ஹெச்.டி.எல். கொண்டுவரும் கொலஸ்ட்ராலை உள்ளே வாங்கும் புரதத்தின் மரபணு அவருக்குப் பழுது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு இதயநோய் ஆபத்து குறையவில்லை, கூடியிருந்தது. ரேஷன் குடோன் கதவு பூட்டிக் கிடந்தால் வாசலில் லாரி வரிசை நீளும்; வரிசை நீளமாக இருக்கிறதே, சரக்கு நன்றாக இறங்குகிறது என்று யாராவது சொல்வார்களா?

இவை அரிதான குடும்பங்கள்தானே என்று தோன்றலாம். சேகர் கதிரேசன் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அப்படியல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களை அது பார்த்தது. பிறவியிலேயே ஹெச்.டி.எல்.-ஐ மட்டும் 5 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கூட்டிவிடும் ஒரு மரபணு மாற்றம் சுமார் 2.6 சதவீதம் பேருக்கு இருந்தது. பழைய நம்பிக்கைப்படி இவர்களுக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐக் கூட்டும் மரபணு மாற்றங்களோ எதிர்பார்த்தபடியே மாரடைப்பைக் கூட்டியிருந்தன.

மருந்துகளிலும் இதே கதைதான். டார்செட்ராபிப் என்ற மாத்திரை ஹெச்.டி.எல்.-ஐ 70 சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த சோதனையை 2006 டிசம்பரில் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் பக்கம் மரணம் அதிகம். அது ரத்த அழுத்தத்தையும் கூட்டியது என்பதால் முழுப் பழியையும் ஹெச்.டி.எல். மேல் போட முடியாது, சரி. ஆனால் அதன் பின்னால் வந்த டால்செட்ராபிப், எவாசெட்ராபிப் ஆகியவையும் எண்ணை ஏற்றினவே தவிர மாரடைப்பைக் குறைக்கவில்லை.

அப்படியானால் ஹெச்.டி.எல். வரியைப் பார்க்கவே வேண்டாமா என்றால், பார்க்க வேண்டும். அது குறைவாகவும் டிரைகிளிசரைடு அதிகமாகவும் இருந்தால், சர்க்கரை நோய் வரும் வழியில் இருக்கிறோமா என்று சோதித்துக்கொள்ள அது நல்ல காரணம். நடைப்பயிற்சியையும் விடக் கூடாது. ஹெச்.டி.எல். இரண்டு மூன்று புள்ளிதான் ஏறினாலும், நடையால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கிடைக்கும் நன்மை வேறு கணக்கு. புகையை நிறுத்துவதும் அப்படித்தான். மாத்திரை வேண்டுமா என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது எல்.டி.எல்.-ஐ. மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்.டி.எல்.-ஐக் கழித்து வரும் எண்ணையும் பார்ப்பார்கள். மொத்தம் 230, ஹெச்.டி.எல். 70 என்றால் மீதி 160. அந்த 160-ஐ 70 ஒன்றும் செய்துவிடாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்ப வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்னும் மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அவரிடம் சொல்ல வேண்டும் என்பது நம் வாசகர்களில் பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் இன்னொரு வகைத் துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற பரிசோதனையைப் பற்றியும் அதில் எழுதச் சொல்லுங்கள். அதன் அளவு பெரும்பாலும் மரபணுவாலேயே முடிவாகிறது, வயதானாலும் அதிகம் மாறாது. அதனால் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைலில் அது வராது. தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதய நிபுணர் ஒருவரை எழுத வைத்தீர்களானால், கவுண்டரில் மக்கள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
மதுரை