அப்பாயியின் வூடு

ஹாலெ, ஜெர்மனி,
நவம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீ, அப்பாயி, தம்பி எல்லோரும் நலந்தானே? வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பாய். இந்த விஷயத்தைப் போனில் தொடங்கினால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ரசப்பொடி தீர்ந்துபோச்சு. ஊரில் ஐ.சி.யூ.வில் எட்டு வருஷம் நர்ஸாகப் பார்த்தவள், இங்கே நர்ஸ் அங்கீகாரம் கைக்கு வரும்வரை உதவியாளர்தான். அதற்கு முதலில் பி2 என்கிற ஜெர்மன் மொழிப் பரீட்சை தேற வேண்டும். எழுத்தெல்லாம் சமாளித்துவிடுவேன். வாய்தான் சண்டித்தனம் பண்ணுகிறது.

ஒரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். குறில் நெடில் நமக்குத் தண்ணி பட்ட பாடு. இந்த ஊர்ப் பெயரையே பாரேன். ஹாலெ என்று எழுதினாலும் சொல்லும்போது 'ஹலெ', குறில். ஊரை ஒட்டி ஓடும் ஆறு 'ஸாலெ', நெடில். நம்மைப் போல இரண்டுக்கும் தனித்தனி எழுத்து கிடையாது. பின்னால் மெய்யெழுத்து இரட்டித்தால் முன்னால் இருப்பது குறில். உயிரெழுத்தே இரட்டித்து வந்தால் நெடில். 'பெட்' என்றால் கட்டில், 'பேட்' என்றால் செடி போடும் பாத்தி. கூடப் படிக்கிற பிலிப்பைன்ஸ் பெண் தினமும் யாரையாவது பாத்தியில் படுக்க வைத்துவிடுவாள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு வேறு தொல்லை. இரட்டித்த மெய்யைப் பார்த்ததும் நம்மூர்ப் பழக்கத்தில் அழுத்திவிடுகிறேன். இவர்கள் எழுதுவது இரண்டு, சொல்வது ஒன்று. இன்னொன்று, வார்த்தை மெய்யில் முடிந்தால் என் நாக்கு சும்மா இருப்பதில்லை, 'குட்டு', 'பெட்டு' என்று ஒரு குட்டி உகரத்தை ஒட்டிவிடுகிறது. அது வந்தாலே டீச்சர் பேனாவால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். 1706இல் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினாரே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அவர் படித்த ஊர் இதுதான். இங்கே அவர் பெயர் 'பால்க்' என்று முடிகிறது. அந்தக் 'கு' நாம் போட்டது. டீச்சரிடம் சொன்னேன். அன்றைக்கு மட்டும் மேசையைத் தட்டவில்லை.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன். நம் புள்ளி, எழுத்திலிருந்து உயிரை எடுத்துவிடும். இவர்கள் உயிரெழுத்தின் தலையிலேயே இரண்டு புள்ளி வைக்கிறார்கள். அகரத்தின் மேல் வைத்தால் அது கிட்டத்தட்ட நம் எகரம், கவலையில்லை. ஒகரத்தின் மேலும் உகரத்தின் மேலும் வைத்தால்தான் வினை. 'ட்ருக்கென்' என்றால் அச்சடிப்பது. அதே உகரத்துக்கு இரண்டு புள்ளி வைத்தால் அழுத்துவது. முதல் மாதம் முழுக்க எல்லா நோயாளிகளிடமும், "ஏதாவது வேணும்னா இந்த மணியை அச்சடிங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஒருத்தரும் திருத்தவில்லை, பாவம்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் ஒப்பித்தது நினைவிருக்கிறதா? உ ஊ ஒ ஓ ஔ, இந்த ஐந்துக்கும்தான் இதழ் குவியும். ஈ சொல்லும்போது உதடு தன்பாட்டுக்கு விரிந்துவிடும். புள்ளி வைத்த உகரத்துக்கு இவர்கள் கேட்பதோ நாக்கு ஈயில் நிற்க வேண்டும், உதடு மட்டும் ஊவுக்குப் போக வேண்டும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று எத்தனை நாள் பார்த்தேன் தெரியுமா! உதடு குவிந்தால் நாக்கும் கூடவே பின்னால் ஓடிவிடும். நாக்கைப் பிடித்து வைத்தால் உதடு இளிக்கும்.

ஒருநாள் ராத்திரி டியூட்டி முடிந்து டிராமில் வரும்போது அப்பாயி ஞாபகம் வந்தது. "வூட்டுக்கு எப்ப வருவே?" என்று கேட்குமே, அந்த வூடு. "வூடு இல்ல அப்பாயி, வீடு" என்று நான் திருத்தி, உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் வீடு, வூடு, வீடு, வூடு என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு வீட்டின் ஈயை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, அப்பாயி ஊதாங்குழல் வைத்து அடுப்பு ஊதுவாளே, அந்த மாதிரி உதட்டை மட்டும் குவித்தேன். வந்துவிட்டது! எதிர் சீட்டுக்காரம்மா ஏதோ எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று பார்த்தார். ஏயைப் பிடித்துக்கொண்டு உதட்டை ஓ மாதிரி வைத்தால் புள்ளி வைத்த ஒகரமும் வருகிறது.

வந்த சந்தோஷத்தில் கண்ட இடத்திலெல்லாம் குவிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் மாட்டினேன். தலையணைக்கு இங்கே 'கிஸென்'. அதன் இகரத்தை உதடு குவித்துச் சொன்னால் முத்தமிடுவது என்று அர்த்தம். எண்பது தாண்டிய ஒரு தாத்தா நிமிர்ந்து உட்கார முடியாமல் சிரமப்பட்டார். முதுகுக்கு இன்னொரு தலையணை தரட்டுமா என்று கேட்பதாக நினைத்து, குவித்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "முதலில் தலையணை கொடும்மா, மற்றதை என் பெண்டாட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

இதில் என்ன கூத்து என்றால், அந்தத் தாத்தா லைப்ஸிக் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்துப் பேச்சில் இந்தப் புள்ளி வைத்த எழுத்துகளுக்கு உதட்டைக் குவிப்பதே இல்லை. அழகு என்பதற்கு டீச்சர் சொல்லும் சொல் என் வாயில் வர மூன்று மாதம் ஆனது. இவர் சர்வசாதாரணமாக 'ஷேன்' என்று விரித்துச் சொல்லிவிட்டுப் போகிறார். பச்சைக்கு 'கிரீன்'. அவர் இதைப் பரீட்சையில் சொன்னால் மார்க் போடமாட்டார்கள் என்று சொன்னேன். "நான் ஏன் பரீட்சை எழுத வேண்டும், நான் இந்த ஊர்க்காரன்" என்றார்.

பணம் 3ஆம் தேதி அனுப்பிவிட்டேன். தம்பி ஃபீஸ் போக மீதியில் கொல்லைப்பக்கத்துக் கதவை மாற்றிவிடு. பார்சல் போட்டால் ரசப்பொடியும் கொஞ்சம் நார்த்தங்காயும் வை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவேன். அப்பாயியைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு தடவை வூடு சொல்லச் சொல். உதடு எப்படிப் போகிறது என்று நான் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மறக்காமல் பல் செட்டை மாட்டிவிடு, போன தடவை மாதிரி தம்ளரில் போட்டுவிட்டு வந்து உட்காரப் போகிறது.

இப்படிக்கு,
உன் மூத்தவள்