டிராக்குக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு வர வழி செய்யுங்கள்

கோவையில் டிராக் டே (சொந்த பைக்கை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாள்) நடத்தும் அமைப்பாளர்களுக்கும், ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர், பொள்ளாச்சி ரைடிங் கிளப் நிர்வாகிகளுக்கும்,

வணக்கமுங்க.

ஈரோட்டுப் பக்கம் பைக் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். டிராக் டே முடிந்த மறுநாள் கடைக்கு வரும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். டிராக்கில் விழுந்த வண்டி எனக்குப் பெரிய கவலை இல்லை. லெதர் சூட் போட்டு, மார்ஷல் கொடி பிடித்து நிற்க, ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே காத்திருக்க விழுகிறார்கள். லிவரும் ஃபுட்ரெஸ்ட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. போகிற வழியிலும் வருகிற வழியிலும் அடிபட்டு வருகிற வண்டிகள்தான் என்னைத் தூங்க விடுவதில்லை. அவற்றில் சில, ஓட்டியவர் ஆஸ்பத்திரியில் இருக்க, வேறு யாரோ தள்ளிக்கொண்டு வந்தவை.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே என்று அறிவிப்பு வந்தால் நிறைய விவரம் தருகிறீர்கள். ஹெல்மெட் எப்படி இருக்க வேண்டும், இரண்டு துண்டு சூட் என்றால் நடுவில் ஜிப் கட்டாயம், வண்டியின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றுங்கள், ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்டுங்கள், ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றுங்கள் என்று எல்லாம் இருக்கிறது. வண்டி டிராக்குக்கு எப்படி வந்து சேர வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி கூட நான் பார்த்த அறிவிப்புகளில் இல்லை. அது அவரவர் பாடு என்று விட்டுவிட்டோம். அதை இனி அவரவர் பாடாக விடக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்று நம்ம பையன்களில் பெரும்பாலோர் வண்டியை ஓட்டிக்கொண்டே வருகிறார்கள். ஈரோட்டிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர், சேலம் என்றால் 160-க்கும் மேல். விடியற்காலையில் கிளம்பி, முதுகில் பையும் இடுப்பில் கட்டிய சூட்டுமாக வந்து சேர்வதற்குள் பாதித் தெம்பு போய்விடும். அப்புறம் வெயிலில் நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான். நீளம் குறைவு என்பதால் அடுத்தடுத்து வளைவு வந்துகொண்டே இருக்கும், கை கால் ஓய்வதே இல்லை. சாயங்காலம் டேப்பைக் கிழித்து, கண்ணாடி மாட்டி, மறுபடி ரோட்டில் ஏறும்போது உடம்பில் தண்ணீரும் இல்லை, கவனமும் இல்லை. காலையிலிருந்து 130, 140-ல் போன கண்ணுக்கு 80 என்பது நிற்கிற மாதிரி தெரியும். அந்தக் கண்ணோடுதான் இருட்டில் லாரிகளுக்கு நடுவே அவினாசி, பெருந்துறை வழியாக வீடு திரும்புகிறார்கள்.

வண்டியின் நிலையும் அப்படித்தான். டயர் சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடும் என்பதால் டிராக்கில் காற்றைக் குறைத்து வைக்கிறோம். திரும்பும்போது ஏற்ற மறந்து, குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பேடு தேய்ந்திருக்கும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். சின்னதாகச் சரிந்து எழுந்த வண்டியில் ஹேண்டில் ஒரு பக்கம் வளைந்திருக்கும். "ஓட்டிப் பார்த்தேன், பரவாயில்லைங்க" என்பார்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு கிடையாது என்று பாலிசித் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. டிராக்கில் வளைந்த வண்டியோடு ரோட்டில் யார் மீதாவது மோதினால் அந்த வழக்கு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோவைக்குள்ளேயே இருக்கிறவர்கள், சாதாரண டயரோடு, அரை நாள் மட்டும் ஓட்டுகிறவர்கள் ஓட்டி வரட்டும், அதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்களும் விழலாம். விழுந்த வண்டி வீட்டுக்குப் போக ஒரு வழி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

சரி, ஓட்டி வராமல் வேறு எப்படி? கடையில் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகிறவர்கள் ரயில் பார்சலை நினைக்கிறார்கள். டேங்க்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்.சி. நகல் வேண்டும், சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டும். அதெல்லாம் செய்துவிடலாம். ஆனால் சென்னையில் இறக்கியபின் ஊருக்கு வெளியே இருக்கும் டிராக்குக்கு மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டும், ஞாயிறு இரவு திருப்பி அனுப்ப அதே அலைச்சல். ஊர் மாறிப் போகிறவர்களுக்கு ரயில் நல்ல வழி. இரண்டு நாளுக்குப் போய் வர ஒத்துவராது.

ஆம்னி பஸ் டிக்கியில் படுக்க வைத்து அனுப்புவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். ஃபேரிங் (வண்டியின் பிளாஸ்டிக் மேலுறை) உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும். மேலே முப்பது நாற்பது பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். கீழே பெட்ரோல் வாடையோடு ஒரு வண்டி கிடக்கக் கூடாது. பார்சல் லாரியில் அனுப்பலாம், ஆனால் நம்ம வண்டியோடு வேறு என்ன ஏற்றுவார்கள் என்பது நம்ம கையில் இல்லை. என் வாடிக்கையாளர் ஒருவரின் வண்டி மீது துணி பேல்களை அடுக்கி, டேங்க் நசுங்கி வந்தது.

காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டலாமே என்று வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. நம்ம சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கும் பதிவு வேண்டும், நம்பர் வேண்டும். பட்டறையில் அடித்த டிரெய்லரைப் பதிவில்லாமல் இழுத்துக்கொண்டு போனால் முதல் செக்போஸ்டிலேயே நின்றுவிடும். இழுத்துப் பழகாதவர்கள் அதை ரிவர்ஸ் எடுப்பதும் லேசில்லை.

ஆக, சுற்றிச் சுற்றி வந்தால் நம்ம ஊருக்குப் பொருத்தம் குட்டியானையும் (டாடா ஏஸ்) பிக்கப்பும்தான். எந்தச் சந்தைப்பேட்டைக்குப் போனாலும் ஸ்டாண்டில் நிற்கின்றன. டிரைவர்களுக்கு ரோடு தெரியும், சுமை கட்டத் தெரியும். குட்டியானையின் தொட்டி நீளம் ஏழு அடிக்குக் கொஞ்சம் கூட, அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆர் 15, ஆர்.சி. 390, அப்பாச்சி ஆர்.ஆர். 310 எல்லாம் ஆறரை அடி சுமார் நீளம், 140-லிருந்து 175 கிலோ வரை எடை. இரண்டு வண்டி தாராளமாக நிற்கும். மூன்றாவதை நடுவில் திருப்பி நிறுத்தலாம், ஆனால் கண்ணாடியும் ஹேண்டிலும் உரசும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. மூன்று நான்கு வண்டி என்றால் தோஸ்த், பொலேரோ மாதிரி பெரிய பிக்கப் எடுங்கள். வாடகையை மூன்றாகப் பிரித்தால் ஒரு பின் டயரின் விலைக்குக் கீழேயே ஆளுக்கு வரும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். மஞ்சள் போர்டு வண்டியாகவே எடுங்கள். தெரிந்தவர் தோட்டத்து வெள்ளை போர்டு வண்டியை வாடகை கொடுத்து எடுக்காதீர்கள். யாரும் தொட்டியில் வண்டியோடு உட்கார்ந்து வரவே கூடாது. காபினில் இடமில்லையா, மற்றவர்கள் பஸ்ஸிலோ காரிலோ வரட்டும்.

இனிமேல்தான் என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். வண்டியை ஏற்றுவதையும் கட்டுவதையும் இன்னும் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஏற்றும்போது பலகை நழுவி விழுந்த வண்டிகள் உண்டு. தொட்டி தரையிலிருந்து நல்ல உயரம், குட்டைப் பலகை போட்டால் சரிவு செங்குத்தாகிவிடும், வண்டியின் அடி வயிறு விளிம்பில் இடிக்கும். ராம்ப் ஏழெட்டு அடியாவது இருக்கட்டும். அதன் மேல் முனையைத் தொட்டியோடு பெல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். அதைச் செய்யாததால்தான் பின் சக்கரம் ஏறும்போது ராம்ப் பின்னால் எத்திக்கொண்டு போகிறது. மூன்று பேர் வேண்டும். ஒருவர் ஹேண்டிலில், இருவர் பின்னால். ஹேண்டில் பிடிப்பவர் கால் வைத்து ஏற ஒரு கல்லோ பெட்டியோ பக்கத்தில் போடுங்கள். மேட்டாங்கரை ஒன்று கிடைத்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை, வண்டியைப் பின்னால் ஒட்டி நிறுத்தி நேராகத் தள்ளிவிடலாம்.

ஏற்றியபின் சைடு ஸ்டாண்டு போட்டுக் கயிறு கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. பள்ளத்தில் குட்டியானை குதிக்கும்போது மொத்த எடையும் கட்டின இறுக்கமும் அந்தச் சின்ன ஸ்டாண்டு மேல் இறங்கும். ஸ்டாண்டு வளையும், இல்லை அதன் பிராக்கெட் பிளந்துவிடும். வண்டி நேராக நிற்க வேண்டும், முன் சக்கரம் எதிலாவது கவ்விப் பிடித்திருக்க வேண்டும். அதற்கென்று இரும்பு ஸ்டாண்டு இருக்கிறது, நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் அடித்துத் தரச் சொன்னாலும் போதும். தரையில் போல்ட் போட்டு இறுக்கிக்கொள்ளலாம்.

கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு வேண்டாம், நைலான் கயிறும் வேண்டாம். வழியில் தளர்ந்துவிடும். ராட்செட் பெல்ட் (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டை) வாங்குங்கள், ஒரு வண்டிக்கு நான்கு. முன் பெல்ட்டை ஹேண்டில் முனையிலோ கிளிப் ஆன் (ஃபோர்க்கில் தனித்தனியாக மாட்டும் ஹேண்டில்) மீதோ மாட்டாதீர்கள், சுழன்றுவிடும். ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ் கிளாம்ப்பில் துணி வளையம் போட்டு, அதில் பெல்ட்டின் கொக்கியை மாட்டி, இரண்டு பக்கமும் முன்னோக்கிச் சாய்வாக இழுங்கள். ஃபோர்க் பாதி அளவு இறங்கினால் போதும். அடியோடு அமுக்கிக் கட்டி ஐந்நூறு கிலோமீட்டர் போனால் ஆயில் சீல் போய்விடும், அப்புறம் என் கடைக்குத்தான் வர வேண்டும். பின்னால் இரண்டு பெல்ட் வண்டியின் வால் துள்ளாமல் பிடிக்க மட்டும்தான், அதை முறுக்கி இறுக்காதீர்கள். கியரில் போட்டுவிடுங்கள். பெட்ரோல் கால் டேங்க்குக்குக் கீழே இருக்கட்டும்.

கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திப் பெல்ட்டைப் பாருங்கள். எப்படியும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டை போகிறவர்கள் தொப்பூர் கணவாய்க்கு முன் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது அங்கே இறக்கம், பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சுமை முன்னால் தள்ளும். பைக் கவர் போட்டு மூடுவதையும் விட்டுவிடுங்கள். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி ரோடுகளில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் கவர் படபடவென்று அடித்தே ஃபேரிங் பெயிண்ட்டைத் தேய்த்துவிடும்.

அமைப்பாளர்களே, உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லைங்க. பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்வி சேருங்கள்: எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், வண்டியை எதில் கொண்டுவருகிறீர்கள். ஒரே ஊர்க்காரர்களை, அவர்கள் சம்மதத்தோடு, ஒருவருக்கொருவர் தொடர்பில் விடுங்கள். பவானியில் ஒருவர், பெருந்துறையில் ஒருவர், திருப்பூரில் ஒருவர் தனித்தனியாக ஓட்டி வருவதை ஒரே பிக்கப்பில் கொண்டுவந்துவிடலாம். அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாததுதான் இன்றைக்குத் தடை. டிராக் நிர்வாகத்திடம் பேசி, பேடாக் (வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) பக்கத்தில் தொட்டி உயரத்துக்கு மண் போட்டு ஒரு ஏற்றிறக்கு மேடை கட்டச் சொல்லுங்கள். ஒரு ஜே.சி.பி.க்கு அரை நாள் வேலை. முதல் நாள் சாயங்காலமே வண்டிகளை உள்ளே விட்டால் விடியற்கால ஓட்டம் மிச்சமாகும். ஓட்டி வந்தவர்களுக்குக் கடைசி செஷன் வேண்டாம் என்று விதி வையுங்கள். அவர்கள் கிளம்பும் முன் காற்றும் பிரேக்கும் யாராவது பார்க்கட்டும், அந்த வேலையை நானே வந்து செய்கிறேன். விழுந்த வண்டிகளை ஈரோடு பக்கம் ஒன்றும் பொள்ளாச்சி பக்கம் ஒன்றுமாகக் கொண்டுபோக இரண்டு வாடகை வண்டியை அன்றைக்குச் சொல்லி வைத்துக்கொண்டால் வளைந்த ஹேண்டிலோடு யாரும் ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை.

கிளப் நிர்வாகிகளே, டி-ஷர்ட் அடிக்கும் காசில் ஒரு வருடம் ராம்ப் ஒன்றும் பெல்ட்டுகளும் முன் சக்கர ஸ்டாண்டுகளும் வாங்கி வையுங்கள். உறுப்பினர்கள் எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். நாமக்கல் லாரி பாடி கட்டுகிற ஊர், கரூர் பஸ் பாடி கட்டுகிற ஊர். கரி டிராக்குக்குப் பெயர் தந்த கரிவரதன், மாருதி இன்ஜினை வைத்து ரேஸ் காரையே கோயம்புத்தூரில் கட்டியவர். 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்தபின்னும் அவர் பழக்கிவிட்ட கைகள் இங்கே இருக்கின்றன. இவ்வளவு பட்டறை இருக்கிற நாட்டில் ஒரு நல்ல பைக் ராம்ப்பை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டிய அவசியம் இல்லை. தொட்டித் தரையில் கழற்றி மாட்டுகிற மாதிரி ஸ்டாண்டு இருக்கும் பிக்கப் ஒன்று ஊருக்கு ஒன்று இருந்தால், டிராக் டே இல்லாத நாளில் அது தக்காளி ஏற்றிக்கொண்டு போகட்டும், டிரைவருக்கும் நஷ்டமில்லை.

இதில் யாருக்காவது அளவு வேண்டுமென்றால் நான் அடித்துவைத்திருக்கும் ராம்ப்பையும் ஸ்டாண்டையும் வந்து அளந்துகொள்ளலாம், காசு ஒன்றும் வேண்டாம். அடுத்த டிராக் டே அறிவிப்பு போடும்போது அந்த இரண்டு கேள்வியை மட்டுமாவது படிவத்தில் சேர்த்துவிடுங்கள். மேடையும் மற்றதும் அதற்கடுத்த மாதம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஈரோட்டுப் பக்கத்து பைக் மெக்கானிக் ஒருவர்