குமாஸ்தா எழுதி வைத்த ஐரோப்பா

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஐரோப்பிய வரலாற்றுப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் இடைக்கால ஐரோப்பாவை அப்படியே கண்முன் நிறுத்திய படம் என்று 'பிரேவ்ஹார்ட்'டுக்கு (1995) முதலிடம் கொடுத்திருப்பதை ஜீரணிக்க முடியவில்லை.

படம் விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. அதற்காக 1297இல் நடந்த ஸ்டெர்லிங் பாலப் போரைப் பாலமே இல்லாமல் எடுப்பதா? குறுகலான பாலத்தின் வழியே ஆங்கிலேயப் படையில் ஒரு பகுதி இக்கரை வந்து சேரும்வரை காத்திருந்து, அப்புறம் பாய்ந்ததால்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் வென்றார்கள். பாலம் இல்லையென்றால் வெற்றிக்கான காரணமே இல்லை. படத்தின் நாயகன், ஸ்காட்லாந்துப் படைத் தலைவன் வில்லியம் வாலஸிடம் மனதைப் பறிகொடுக்கும் பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவுக்கு அந்தப் போரின்போது இரண்டு வயது இருந்திருக்கும். அவர் இங்கிலாந்துக்கு மருமகளாக வந்ததே 1308இல். வாலஸைக் கொன்று அப்போது மூன்று வருடம் ஆகிவிட்டது. வாலஸின் ஆட்கள் முகத்தில் அப்பிய நீலச் சாயம் அவர்கள் காலத்துக்கு ஆயிரம் வருடம் பழசு, இடுப்பில் கட்டிய உடை சில நூற்றாண்டு புதுசு. அந்தப் படம் வாங்கிய ஐந்து ஆஸ்கர்களில் ஒன்று ஒப்பனைக்குப் போனது தனி வேடிக்கை.

பிழை பொறுக்குவது என் நோக்கமில்லை. இப்படி ஏன் ஆகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். திரைக்கதை ஆசிரியர் பெரிதும் நம்பியது 'பார்வையற்ற ஹாரி' என்ற பாணர் 1470களில், அதாவது வாலஸ் இறந்து 170 வருடம் கழித்துப் பாடிய நெடும்பாட்டை. பாட்டுக்கு ஒரு நாயகன் போதும். மற்றவர்களெல்லாம் அவன் பின்னால் கூச்சல் போடும் கூட்டம். படத்திலும் அதுவேதான் நடந்தது.

நான் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தொழில் பாசம் என்று நினைத்தாலும் சரி, பழைய ஐரோப்பாவைப் பற்றிய உருப்படியான படங்களில் பல, கேஸ் கட்டுகளிலிருந்து பிறந்தவை என்பேன். குடியானவரும் செருப்புத் தைப்பவரும் என்ன பேசினார்கள் என்று அரண்மனைப் புலவரா எழுதி வைத்தார்? நீதிமன்றக் குமாஸ்தா எழுதினார், அதுவும் ஆசையால் அல்ல, சம்பளத்துக்கு.

அசரீரிக் குரல்கள் கேட்டதாகச் சொல்லி, ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையை நடத்திய கிராமத்துப் பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணை 1431இல் ரூவான் நகரில் பிப்ரவரி முதல் மே வரை நடந்தது. "நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றால் திமிர், இல்லை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாத, 19 வயதை ஒட்டிய அந்தப் பெண் சொன்ன பதில்: "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே வைத்திருக்கட்டும்." குறுக்கு விசாரணையில் இப்படி ஒரு பதில் வந்தால் எங்கள் வக்கீல்கள் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு, மே 28 அன்று, அசரீரிக் குரல்கள் மறுபடி வந்தன என்று அவள் சொன்ன இடத்தில், பதிவேட்டின் ஓரத்தில் லத்தீனில் ஒரு குறிப்பு இருக்கிறது: 'சாவைத் தரும் பதில்'. இரண்டே நாளில் எரித்துவிட்டார்கள். பதிவும் அப்பழுக்கற்றது அல்ல. வார்த்தைகளை மாற்றி எழுதும்படி தம்மை நெருக்கினார்கள் என்று எழுத்தர் கியோம் மான்ஷோன் பின்னால் நடந்த மறுவிசாரணையில் சாட்சி சொல்லியிருக்கிறார்.

இந்தப் பதிவை வைத்துத்தான் டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் 1928இல் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' என்ற படத்தை எடுத்தார். மாதக்கணக்கில் நடந்ததை ஒரே நாளில் சுருக்கினார். அது பிழையா என்றால், பிழைதான். ஆனால் ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் ஒப்பனை இல்லாத முகத்தைப் பார்த்தால், கேள்வி விழுவதும் பதில் யோசிப்பதும் தெரிகிறது. பேசியதை எழுதிய பதிவிலிருந்து பேசாத படம்! மூல நெகட்டிவ் தீயில் போய், பல காலம் கழித்து 1981இல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையில் நல்ல பிரதி கிடைத்தது.

நான் அதிகம் பரிந்துரைப்பது 'மார்ட்டின் கெர் திரும்பி வந்தது' (1982) என்ற பிரெஞ்சுப் படம். தெற்கு பிரான்சில் ஆர்ட்டிகா என்ற ஊரிலிருந்து 1548இல் காணாமல் போன மார்ட்டின் கெர், எட்டு வருடம் கழித்துத் திரும்புகிறான். மனைவி ஏற்றுக்கொள்கிறாள். அப்புறம் சொத்துத் தகராறு, "இவன் மார்ட்டினே இல்லை" என்று சித்தப்பா வழக்குப் போடுகிறார். முதல் விசாரணையில் சுமார் 150 சாட்சிகள். அவர்களில் 60 பேர் போல எந்தப் பக்கமும் சொல்ல மாட்டோம் என்று நழுவிவிட்டார்கள். சாட்சிக் கூண்டை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. செருப்புத் தைப்பவர் மட்டும் கணக்காகச் சொன்னார்: பழைய மார்ட்டினின் கால் அளவு 12, இவனுடையது 9. இருந்தும் துலூஸ் மேல் நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் டு கோரா, குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம் சாய்ந்திருந்தார். தீர்ப்பு வரும் நேரத்தில் மரக்காலோடு ஒருவர் உள்ளே வந்தார், அசல் மார்ட்டின். போலியாக வாழ்ந்த ஆர்னோ டு டில்லை 1560 செப்டம்பரில், மார்ட்டினின் வீட்டு வாசலிலேயே தூக்கிலிட்டார்கள். கோரா மறு வருடமே வழக்கைப் புத்தகமாக எழுதிவிட்டார். இல்லையென்றால் அந்தக் கால் அளவு நமக்கு எங்கே தெரியப் போகிறது?

படத்துக்கு ஆலோசகராக இருந்த வரலாற்றாசிரியர் நத்தலி ஸீமோன் டேவிஸுக்கே அதில் முழுத் திருப்தி இல்லை. அந்தக் குடும்பத்தின் பாஸ்க் (பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லைப் பகுதி இனம்) பூர்விகம், கிராமத்தில் பரவிய புராட்டஸ்டன்ட் மதம், மனைவி ஆடிய இரட்டை ஆட்டம் எல்லாம் மங்கிவிட்டன என்று சொல்லி, 1983இல் தனியாகப் புத்தகம் எழுதினார். எனக்கும் அந்த மனைவிதான் உறுத்தல். முதல் ராத்திரியே அவளுக்குத் தெரிந்திருக்காதா என்ன!

ரிட்லி ஸ்காட்டின் 'தி லாஸ்ட் டூயல்' (2021) 1386இல் பாரிசில், பலாத்காரப் புகார் சொன்ன ஒரு பெண்ணின் கணவனும் குற்றம் சாட்டப்பட்டவனும் மோதிய துவந்த யுத்தத்தைச் சொல்கிறது. கணவன் தோற்றால் மனைவியைத் தீயில் இடுவார்கள் என்ற விதி, கற்பனையல்ல. மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும் கதையில் 'உண்மை' என்ற சொல்லை அவள் பகுதிக்கு மட்டும் திரையில் விட்டு வைக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல் ஜான் லெ கோக் என்பவரோ, உண்மை யாருக்கும் தெரியாது என்று தம் குறிப்பில் எழுதி வைத்தார். தம் கட்சிக்காரரைப் பற்றி ஒரு வக்கீல் அவ்வளவு எழுதுவதே பெரிசு.

என் வாதத்துக்கு அடங்காத படம் ஒன்று உண்டு, ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரேய் ரூப்லெவ்' (1966). ரூப்லெவ் என்ற அந்த ரஷ்ய ஓவியத் துறவியின் வாழ்க்கையைப் பற்றி ஆவணம் மிகக் கொஞ்சம், படத்தில் பெரும்பகுதி கற்பனை. ஆனாலும் கடைசியில் வரும் மணி வார்க்கும் பகுதியைப் பாருங்கள். அப்பா ரகசியம் சொல்லிவிட்டுப் போனார் என்று புளுகி வேலையை வாங்கிக்கொள்ளும் பையன், சரியான களிமண் கிடைக்காமல் அலைந்து, மழையில் சறுக்கி விழுந்த இடத்தில் அதைக் கண்டுபிடிக்கிறான். மணி அடிக்காவிட்டால் தலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மணி அடித்துவிடுகிறது. அப்புறம் சேற்றில் கிடந்து, "அப்பா எதையும் சொல்லவே இல்லை" என்று ரூப்லெவிடம் அழுகிறான். ஒரு தொழில் எப்படி நடந்தது, யாருக்கு எது பயம் என்று இயக்குநர் அத்தனை உன்னிப்பாக யோசித்திருந்தால், கேஸ் கட்டு இல்லாமலும் படம் நிற்கும் போலிருக்கிறது.

கட்டுரையாளர் இந்த நான்கில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுத்த முறை மார்ட்டின் கெர் படத்தையாவது எடுத்துக்கொண்டு, டேவிஸின் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து விரிவாக எழுதச் சொல்லுங்கள். நான்கு பக்கம் ஒதுக்கினால் போதும்.

— ஒரு வாசகர், கும்பகோணம்