வறட்சியில் மலைப்பாதையை மூடுங்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லி மூடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் காலத்தில் வன இலாகா மலைப்பாதைகளை மூடுவதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் ஞாயிறு பதிப்பில் படித்தேன். மழைக்காலத்தில் வெள்ளம் என்று மூடுகிறார்கள், வெயில் காலத்தில் வறட்சி என்று மூடுகிறார்கள், பிறகு எப்போதுதான் மலையேறுவது என்ற அவருடைய ஆதங்கம் எனக்கும் புரிகிறது. ஆயினும், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புற இளைஞர்களோடு பல நாள் மலைநடைக்குச் சென்றுவரும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில், வறட்சியில் பாதைகளை மூடுவதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடுகிற விதத்தைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மலையேற்றம் என்றதும், விடியற்காலையில் ஒரு குன்றின்மேல் ஏறிப் படமெடுத்துக்கொண்டு பத்து மணிக்குள் ரொட்டி சானாய் சாப்பிடத் திரும்பிவிடுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நான் பேசுவது முதுகில் சுமையோடு காட்டுக்குள் இரவு தங்கி நடப்பவர்களைப் பற்றி. எங்கள் பேராக் மாநிலத்தில் அத்தகைய நடைக்குப் பேர்போனவை தித்திவங்சா மலைத்தொடரின் கோர்பு, காயோங் சிகரங்கள். 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு, தீபகற்ப மலேசியாவில் தாஹானுக்கு அடுத்த உயர்ந்த மலை. அதன் அண்டையில் நிற்கும் காயோங் 2,173 மீட்டர். அங்கிருந்து முகடு வழியாக யோங் பெலார் சிகரம் வரை நடந்து கடக்கும் குழுக்களும் உண்டு. இதற்கெல்லாம் வன இலாகாவின் பெர்மிட் வேண்டும், வழிகாட்டி வேண்டும், வேன் வாடகை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக விடுமுறை வேண்டும். எங்கள் இளைஞர்களில் பலர் ஈப்போவிலும் பினாங்கிலும் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். இரண்டு மாதத்திற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் கெஞ்சி வாங்கிய விடுமுறையை, பாதை மூடியிருந்தது என்று சொல்லி இன்னொரு வாரத்திற்கு மாற்றிக்கொள்ள எந்தத் தொழிற்சாலையும் சம்மதிப்பதில்லை.

ஒருமுறை நாங்கள் ஒரு காட்டுப்பாதையின் நுழைவாயிலில் விடிவதற்கு முன் வேனை விட்டு இறங்கியபோது, இரும்புத் தடுப்பில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கைவிளக்கை அருகே பிடித்துப் படித்தோம். தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது என்று மலாயில் ஒரே வரி. எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை, எதனால், எந்தப் பாதைகள் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. உறைக்குள் ஈரம் இறங்கிக் கையொப்பத்தின் மை கரைந்திருந்தது. எங்கள் கையில் இருந்த பெர்மிட்டோ அதே வாரத்தில் வழங்கப்பட்டது. அலுவலகம் திறக்கும்வரை காத்திருந்து தொலைபேசியில் அழைத்தபோது, எடுத்தவர் மிகுந்த பணிவோடுதான் பேசினார். எப்போது திறப்பார்கள் என்பது அவருக்கும் தெரியவில்லை.

அன்று காட்டை மூடியது சரியான முடிவு என்பதில் எனக்கு அப்போதும் ஐயம் இருக்கவில்லை. வறட்சி என்றால் மலைநடையாளர் தாகத்தால் வாடுவார் என்பது மட்டுமே பொருள் அல்ல. நம் நாட்டில் முகட்டு முகாம்களுக்குத் தண்ணீர் தருபவை பெரிய ஆறுகள் அல்ல, பாறை இடுக்கில் கசியும் சிற்றோடைகள். ஓரிரு மாதம் மழை பொய்த்தால், கணுக்கால் அளவுக்கு ஓடிய நீர் ஒரு நூலாக இளைத்துப்போகிறது. இலையைக் குழாய்போல் மடித்துப் பாறையில் செருகி, அதன் நுனியில் சொட்டும் நீருக்குக் கீழே ஒரு போத்தலை வைத்துவிட்டு, அது நிறைவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடித்துவிடலாம். பத்துப் பேர் கொண்ட மூன்று குழுக்கள் ஒரே இரவில் அங்கே தங்கினால் நிலைமை என்னவாகும்? அந்த ஊற்றிலேயே பாத்திரம் கழுவுவார்கள், பல் துலக்குவார்கள், பக்கத்திலேயே காலைக்கடனும் கழிப்பார்கள். மலையடிவாரத்தில் உள்ள ஓராங் அஸ்லி பழங்குடியினரின் கிராமங்கள் பலவற்றுக்குக் குடிநீர் மேலிருந்து குழாய் வழியே இறங்கி வரும் ஓடைநீர்தான். நாம் மூன்று நாளில் வீட்டிற்குப் போய்க் குழாயைத் திறந்துகொள்வோம். அவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

தீயைப் பற்றியும் நம்மவர்களிடையே ஒரு தவறான தெம்பு இருக்கிறது. மலேசியக் காடு மழைக்காடு, அது எரியாது என்று என்னிடமே வாதிட்டவர்கள் உண்டு. நடுக்காடு எளிதில் எரியாது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் மலைப்பாதைகள் பெரும்பாலும் நடுக்காட்டில் தொடங்குவதில்லை. தோட்டத்தின் ஓரத்திலும், லாலாங் புல் மண்டிய மேட்டிலும், மரம் வெட்டிய பழைய லோரிப் பாதையில் அடர்ந்திருக்கும் ரெசாம் என்னும் பெரணிப் புதரிலும்தான் தொடங்குகின்றன. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலடியில் நொறுங்கும் அந்தச் சருகின்மேல் அணையாத ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் நிரை நிரையாக என்ன நடக்கும் என்பதைப் பால்மரக் காட்டில் வேலை செய்த எங்கள் பெற்றோர் நன்றாக அறிவார்கள். சிலாங்கூர், பகாங், சரவாக் மாநிலங்களின் கரிச்சதுப்பு நிலங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தீ மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டே நகர்கிறது, மேலே நிற்பவருக்குக் கால் சுடும்வரை தெரிவதில்லை. 2013 ஜூன் மாதத்தில் சுமத்ராவிலிருந்து வந்த தீப்புகையால் ஜொகூரின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நாம் அதற்குள் மறந்திருக்க மாட்டோம். அந்தப் புகையில் நுரையீரலை முழுதாகத் திறந்து மலையேறுவதை எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தமிழர்களாகிய நாம் மறக்கக்கூடாத பாடம் ஒன்றும் உண்டு. 2018 மார்ச் 11ஆம் தேதி, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலைநடைக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பலமான காற்று ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தன. சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது மனிதனால் ஓடித் தப்ப முடியாது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், அதிலும் பெண்கள் அதிகம். அதன்பிறகே அங்கே மலையேற்றத்திற்கென விதிமுறைகள் வகுக்கப்பட்டன. இப்போது பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை தீக்காலம் என்று மலைப்பாதைகள் மூடப்படுகின்றன. அது ஆண்டுதோறும் வருவது, அதனால் நாள்காட்டியில் முன்பே குறித்துவைத்துக்கொள்ளலாம். தென் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளும் ஹெய்சன் பாதையும் அப்படித்தான். அதன் பல பகுதிகள் தனியார் மேய்ச்சல் நிலங்களின் ஊடாகச் செல்வதால், தீ அபாயக் காலம் அறிவிக்கப்பட்டதும் அவை அடைக்கப்படுகின்றன, நடப்பவர்களும் குளிர்மாதங்களுக்கே பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். யாரும் யாரையும் ஏசுவதில்லை.

முன்கூட்டித் தீர்மானிக்க முடியாத மூடல்கள்தான் சிக்கலானவை. அவற்றை அறிய அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலைப் பார்ப்பது பயன்தரும். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை ஏறத்தாழ 4,270 கிலோமீட்டர் செல்லும் அந்தப் பாதையை முழுவதும் நடக்க ஐந்து மாதம் அளவில் ஆகும். வசந்தத்தில் தெற்கே புறப்பட்டு, வடக்கே பனி விழுமுன் முடிக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு விசாக் கெடுவும் சேர்ந்துகொள்கிறது. தென் கலிபோர்னியாவின் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் நீர்நிலைகளுக்கு இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர்கூட இடைவெளி விழும். வறண்ட ஆண்டுகளில் ஐந்தாறு லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் 2021 ஜூலையில் தொடங்கிய டிக்ஸி என்னும் காட்டுத்தீ அந்தப் பாதையின் குறுக்கே பாய்ந்து, ஏறத்தாழ 3 லட்சத்து 90 ஆயிரம் ஹெக்டேரை எரித்தது. வழியருகே இருந்த கிரீன்வில் என்னும் சிற்றூர் ஏறக்குறைய முழுவதும் சாம்பலானது. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் கலிபோர்னியாவின் தேசிய வனங்கள் ஏறக்குறைய அனைத்தையும் அமெரிக்க வன இலாகா இரண்டு வாரம் அளவில் மூடியது. தீயே இல்லாத வனங்களையும் ஏன் மூட வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தீயணைப்பாளர்கள் எல்லாரும் ஏற்கெனவே களத்தில் இருந்தார்கள். புதிதாக ஒரு தீப்பொறி விழுந்தாலோ, ஒரு நடைக்குழு எங்காவது சிக்கிக்கொண்டாலோ அனுப்ப ஆளில்லை. அடுத்த ஆண்டு, 2022 ஜூலை இறுதியில், மெக்கின்னி தீ பரவியபோது கலிபோர்னியா, ஓரிகன் எல்லைப் பகுதியில் அதே பாதையில் இருந்த ஏறத்தாழ 60 பேரைக் காவல்துறையினர் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. தீயை எதிர்க்க வேண்டிய நேரத்தில், நடப்பவர்களைத் தேடி அலைவதற்கும் ஆட்களை ஒதுக்க வேண்டியிருந்தது என்பதை மேற்படி வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. நியூ மெக்சிகோவில் 2022இல் வன இலாகாவே திட்டமிட்டு வைத்த தீ கைமீறிப்போய், அம்மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீயாக மாறியது. அதையும் கடும் வறட்சியையும் முன்னிட்டு சாந்தா ஃபே தேசிய வனம் முழுவதும் மூடப்பட, கண்டப் பிரிமுகட்டு நெடும்பாதையில் (காண்டினென்டல் டிவைட் டிரெயில்) நடந்துகொண்டிருந்தவர்கள் தார்ச்சாலை வழியாகச் சுற்றியோ, வண்டியேறியோ அந்தப் பகுதியைத் தாண்ட வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே மூடலாணை ஓர் எழுத்துப்பூர்வமான ஆணை: எந்த நாள் தொடங்கி எந்த நாள் வரை, எந்தச் சாலை முதல் எந்தக் கணவாய் வரை, மீறினால் என்ன தண்டனை என்பவை வரைபடத்தோடு வெளியிடப்படுகின்றன. பாதையைப் பராமரிக்கும் சங்கம் அதை ஒரே இடத்தில் திரட்டித் தருகிறது. எந்த ஊற்றில் எந்த நாளில் எவ்வளவு நீர் இருந்தது என்பதை நடப்பவர்களே பதிவு செய்கிறார்கள். பின்னால் வருபவர் அதைப் படித்து எத்தனை லிட்டர் சுமப்பது என்று முடிவெடுக்கிறார்.

தீ அணைந்ததும் பாதை திறந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் தவறு. எரிந்த மரங்கள் காற்றில்லாத பகலிலும் சாய்ந்து விழும். வேர் எரிந்த இடத்தில் சாம்பல் மூடிய குழிகள் இருக்கும். முதல் பெருமழையில் சரிவு சேறாக இறங்கும். ஓரிகனில் 2017 செப்டம்பரில் ஒரு சிறுவன் பள்ளத்தாக்கில் எறிந்த பட்டாசால் மூண்ட ஈகிள் கிரீக் தீக்குப் பின், அந்த ஓடையோரப் பாதை திறக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைப் பையில் போட்டுக்கொண்டு முகாமுக்கு வரும் நம் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனவே மாநில வன இலாகாவுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் பெரிய செலவு பிடிப்பதல்ல. வறட்சிக் காலத்தில் எந்த அளவுகோலை வைத்து மூடுவார்கள் என்பதை முன்பே வெளியிடட்டும். வானிலை ஆய்வு இலாகாவின் வெப்ப எச்சரிக்கையா, மழையில்லாத நாள்களின் எண்ணிக்கையா, காற்றுக் குறியீடா, எதுவானாலும் சரி. மூடும்போது தொடக்க நாளையும், மறுபரிசீலனை செய்யும் நாளையும் குறிப்பிடட்டும். பெர்மிட் வாங்கியவரின் கைப்பேசி எண் அலுவலகத்தில் இருக்கத்தானே செய்கிறது? புறப்படுவதற்கு முந்தைய நாளாவது புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி அனுப்பினால், தோட்டத்திலிருந்து நள்ளிரவில் கிளம்பும் வேன் கிளம்பாமலே இருக்கும். வழிகாட்டிகள் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முகாம்களின் நீர்நிலையை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த குழுவுக்கும் உதவும், இலாகாவுக்கும் மூடுவதற்கான சான்று கிடைக்கும்.

நடப்பவர்களும் யோக்கியர்களாக இருக்க வேண்டும். முன்வாசல் மூடியிருந்தால் செம்பனைத் தோட்டத்தின் பின்புறச் சாலையில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் ஏறும் பழக்கம் எங்கள் வட்டாரத்திலும் இருக்கிறது. காவலாளிக்கு ஒரு சிகரெட் பெட்டியைக் கொடுத்தால் தடுப்பு உயரும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. அனுமதியில்லாமல் நிரந்தர வனப்பகுதிக்குள் நுழைவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அப்படி ஏறியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தீயோ மயக்கமோ வந்தால் அவரைத் தேடவேண்டும் என்றுகூட யாருக்கும் தெரியாது. பாதை திறந்திருக்கும் நாள்களிலும் வறண்ட காலத்தில் விறகு மூட்டிச் சமைப்பதை நிறுத்திவிட்டு, திருகினால் உடனே அணையும் எரிவாயு அடுப்பை மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். குளிருக்கு நெருப்பு வேண்டும் என்பவர்கள் இன்னொரு சட்டையை எடுத்துவரலாம்.

கடைசியாக, பணம். மூடிய நாளுக்குரிய பெர்மிட் கட்டணத்தைத் திருப்பித் தருவதில் கணக்குச் சிக்கல் இருக்கலாம். ஆனால் அதே பெர்மிட்டை மழை இறங்கியபின் இன்னொரு தேதிக்கு மாற்றித் தருவதில் என்ன சிக்கல்? அந்த ஏற்பாடு ஒன்று இருந்தாலே, செலவழித்த காசு வீணாகிறதே என்று பின்புறச் சாலையைத் தேடுபவர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.