‘ஆணி அடிக்கக் கூடாது’ என்று எழுதும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் வீடு வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் கையெழுத்து வாங்கும் 11 மாத அக்ரிமெண்டில் ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. காரணம் எங்களுக்குப் புரிகிறது. கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால், அது நிற்பதற்குள் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழும். நாலு குடித்தனம் மாறினால் சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி ஆகிவிடும். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வரிக்குக் கட்டுப்பட்டவர் சாமி படத்தையும் ஹெல்மெட்டையும் பிள்ளையின் புத்தகப் பையையும் தரையிலா வைத்துக்கொள்வார்? கடைக்குப் போய் ஸ்டிக்கர் கொக்கி ஒரு பாக்கெட் வாங்கி வருகிறார். ஆணிக்குத் தப்பிய சுவர் கொக்கியிடம் மாட்டிக்கொள்கிறது.

வாடகை வீட்டுச் சுவர்களில் பட்டி (சிமெண்ட் பூச்சின் மேல் வழவழப்புக்காக இழுக்கும் வெள்ளை மாவு) பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும் எங்கள் தொழில். அந்த அனுபவத்தில் கேட்கிறோம்: அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, உங்கள் சுவர் எப்படிப்பட்டது, எதை எங்கே மாட்டலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

முதலில் சுவர் விஷயம். கொக்கி ஒட்டியிருப்பது பெயிண்டின் மேல்தோலில். பெயிண்ட், அதற்கு அடியில் பிடிப்புக்காகப் பூசும் ப்ரைமரைப் பிடித்திருக்கிறது, ப்ரைமர் பட்டியை, பட்டி சிமெண்ட் பூச்சை. இதில் எந்த அடுக்கு சோப்ளாங்கியோ அங்கேதான் பிடி விடும். செலவைக் குறைக்க ப்ரைமர் அடிக்காமல் விட்ட வீடுகள் இருக்கின்றன. பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே பட்டி இழுத்த வீடுகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட சுவரில் கொக்கியின் பசை நன்றாக இருக்க இருக்கச் சேதமும் பெரிதாகும், ஏனென்றால் பசை விடாது, பட்டி விட்டுவிடும். பிய்ந்து வந்த கொக்கியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெயிண்ட் மட்டும் மெல்லிய தோலாக வந்திருந்தால் ப்ரைமர் இல்லை. பெயிண்டோடு வெள்ளைப் பட்டியும் வந்து, அதன் அடியில் சுண்ணாம்புத் தூள் மாவாக ஒட்டியிருந்தால், சுவர் தயாரிப்பிலேயே குறை. அதைக் குடியிருந்தவரின் அட்வான்சில் பிடிப்பது சரியல்ல.

வீடு காட்டும்போதே இதைச் சோதித்துவிடலாம், ஐந்து நிமிடம் போதும். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ. அந்தச் சுவரில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. கையில் ஒன்றும் வரவில்லையென்றால், கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் செல்லோ டேப்பை நகத்தால் தேய்த்து ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்பில் தூளோ பெயிண்ட் செதிலோ வந்தால் அந்த அறையில் கொக்கி கூடாது. குளியலறைக்கு அடுத்த சுவரையும் மேல்தளச் சுவரையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’கென்று பொக்கையாகக் கேட்டால் அங்கே பூச்சு பிடி விட்டிருக்கிறது, உப்பு பூத்திருந்தால் ஓதம் இருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் கொக்கி தானாகவே கீழே கிடக்கும்.

எடைக்கு வருவோம். சதுரமாகக் கண்ணாடி மாதிரி இருக்கும் கொக்கியின் அட்டையில் 10 கிலோ என்று அச்சிட்டிருப்பார்கள். அது டைல்ஸ், கண்ணாடி, எவர்சில்வர் மாதிரி வழுவழுப்பான பரப்பில், நேர்கீழாகத் தொங்கும் எடைக்கானது. சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி இழுக்கும் விசையைப் பசை நன்றாகவே தாங்கும். மேல் விளிம்பிலிருந்து உரித்தெடுக்கும் விசையைத்தான் தாங்காது. 6 சென்டிமீட்டர் உயரக் கொக்கியில் 2 கிலோ பையொன்று சுவரிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால், மேல் விளிம்பைச் சுமார் 1 கிலோ வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். புடைத்த பையாக இருந்தால் இன்னும் அதிகம். தினசரி காலண்டர் லேசானதுதான், ஆனால் காலையில் தாளைக் கிழிக்கும்போது ஒரு வெடுக்கென்ற இழுப்பு, வருஷத்துக்கு 365 தடவை. இடது கையால் அட்டையை அழுத்திக்கொண்டு கிழிக்க வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பெயிண்ட் அடித்த சுவருக்கு ஏற்றது, கீழே ஒரு வால் நீட்டியிருக்கும் இழுவைப் பட்டை வைத்த கொக்கி. 3எம் நிறுவனத்தின் கமாண்ட் அந்த வகை. அதில் நடுத்தரக் கொக்கி 1.3 கிலோ வரை, பெரியது 2.2 கிலோ வரை. ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டுக்குப் பெரியதுதான் வேண்டும். புத்தகப் பை, முகம் பார்க்கும் கண்ணாடி, கொசுவலை மூன்றுக்கும் எந்த ஸ்டிக்கரும் வேண்டாம். கொசுவலை சாய்வாக வெளிப்பக்கம் இழுப்பது. இரண்டே இரவில் கையோடு வரும். கட்டில், தொட்டில் தலைமாட்டுக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தைக் கொக்கியை நம்பி மாட்டவே கூடாது.

ஒட்டும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். புதுப் பெயிண்ட் அடித்து 7 நாளாவது ஆகியிருக்க வேண்டும். சாவி கொடுத்த அன்றே ஒட்டினால், காயாத பெயிண்ட் தோலோடு உரியும், ஆகவே பெயிண்ட் அடித்த தேதியைச் சொல்லுங்கள். சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். அது மருந்துக் கடையில் கிடைக்கும். சானிடைசர் ஜெல் உதவாது, அதிலுள்ள கிளிசரின் படலமாக நின்றுவிடும். ஈரத்துணியும் வேண்டாம். பட்டையைக் கொக்கியின் பின்னால் ஒட்டி, சுவரில் வைத்து 30 விநாடி முழுப் பலத்தோடு அழுத்தி, கொக்கியை மேலே தள்ளிக் கழற்றி, அடித்தகட்டை இன்னொரு 30 விநாடி அழுத்தி, பிறகு கொக்கியை மாட்டி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். டைல்ஸில் ஒட்டும் கண்ணாடிக் கொக்கிக்கு ஒரு நாள் முழுக்க விடுவது நல்லது. சமையலறை டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பாத்திர சோப்பு போட்டுக் கழுவிக் காய்ந்த பிறகே ஆல்கஹால். டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் ஒட்டினால் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து பிடி போய்விடும்.

கோடையில் மேற்குச் சுவரை நம்பாதீர்கள். 40 டிகிரியைத் தாண்டினால் இந்தப் பசைகள் இளகத் தொடங்கும், எடையோடு மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழே வழுக்கும். மே மாதத்தில் மேற்கு வெயில் வாங்கும் சுவர் சாயங்காலம் எப்படிக் கொதிக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சேதம் பெரும்பாலும் காலி செய்யும் நாளில், லாரி வாசலில் நிற்கும் அவசரத்தில்தான் நடக்கிறது. இழுவைப் பட்டையென்றால் கொக்கியை ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேர்கீழாக மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். பட்டை ரப்பர் மாதிரி ஓர் அடிக்கு மேல் நீளும், பிறகு தானே விடும். தன்னை நோக்கி இழுத்தால் வால் அறுந்துவிடும். வால் அறுந்ததையும் சாதாரண டபுள் சைடு டேப் கொக்கியையும் கத்தியால் நெம்பக் கூடாது. முடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒரு நிமிடம் சூடு காட்டி, தூண்டில் நரம்பையோ பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலையோ மேலிருந்து கொக்கிக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் அறுப்பது போல் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே இறக்குங்கள். பசை நடுவில் பிளக்கும். பட்டி சுவரோடு நிற்கும். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுக்கலாம். டைல்ஸில் தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும். பெயிண்ட் சுவரில் மட்டும் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்தக் கறை மேலே அடிக்கும் பெயிண்டையும் ஒட்டவிடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 6 சென்டிமீட்டர் சதுரக் கொக்கி பட்டியோடு பிய்ந்தால் 36 சதுர சென்டிமீட்டர் சேதம். 6 மில்லிமீட்டர் ட்ரில் துளையோ 0.28 சதுர சென்டிமீட்டர்தான். நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். பிய்ந்த இடத்தைச் சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் தேய்த்து, ப்ரைமர் போட்டு, இரண்டு கை பெயிண்ட் அடித்தாலும் பழைய நிறத்தோடு சேராமல் திட்டாகத் தெரியும். கடைசியில் சுவர் முழுக்க அடிக்க வேண்டிவரும். செங்கல் சுவரில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிளக்கும் 35 மில்லிமீட்டர் ஸ்குரூவும் புத்தகப் பையை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். காலி செய்யும்போது ஸ்குரூவை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த குடித்தனத்துக்கும் உதவும்.

அதனால் அந்தத் துளைகளை நீங்களே போட்டுக் கொடுங்கள். சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் தவிர்த்து, கூடத்தில் இரண்டு, பூஜை இடத்தில் இரண்டு, படுக்கையறையில் கொசுவலைக்கு நான்கு, வாசல் நிலைக்கு அருகே மூன்றடி மரச்சட்டத்தில் ஐந்தாறு கொக்கி. ஓர் ஆள் அரை நாளில் முடிக்கும் வேலை.

சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதை உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரிப் பேசிக்கொள்ளலாம். பேசாமல் விட்டுவிட்டுக் காலி செய்யும் நாளில் ‘பெயிண்ட் செலவு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பதுதான் மனக்கசப்பை வளர்க்கிறது.

அக்ரிமெண்டில் சேர்க்க எங்கள் யோசனை இது: “இந்த வீட்டின் சுவர்கள் பட்டி, ப்ரைமர், எமல்ஷன் பூசியவை, கடைசியாகப் பெயிண்ட் அடித்த தேதி இது. உரிமையாளர் போட்டுள்ள ஸ்குரூக்களில் 5 கிலோ வரை மாட்டலாம். மற்ற இடங்களில் இழுவைப் பட்டைக் கொக்கி மட்டும், அறைக்கு நான்கு. டைல்ஸில் எந்தக் கொக்கியும் ஒட்டலாம். மேற்குச் சுவரிலும் ஓதமுள்ள சுவரிலும் ஒட்டக் கூடாது. சாவி வாங்கும் அன்றும் கொடுக்கும் அன்றும் சுவர்களை இருவரும் சேர்ந்து படமெடுத்துக்கொள்வோம்.” அதோடு மிஞ்சிய பெயிண்டில் கால் லிட்டரை இறுக மூடிய டப்பாவில் ஊற்றி, மேலே ஷேடு எண்ணை எழுதி, பரணில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சுவர்களில் வேலை செய்பவர்கள்