எங்கள் புரதப் படிகத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

கோழிப்பண்ணைகளில் நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் நொதியை (அதுவும் ஒரு புரதம்தான்) படிகமாக்கி, அதன் முப்பரிமாண அமைப்பைக் கண்டுவிட்டோம். அணுக்களின் இருப்பிடங்களைப் புரதத் தரவு வங்கியில் சேர்த்தாயிற்று. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக் கட்டுரையில் எங்கள் பெயர்கள்தான் வரும். உங்களுக்கான நன்றியை இங்கே ஊரறியச் சொல்லியாக வேண்டும்.

எந்தப் புரதம் கரைந்து நிற்கும், எது படிகமாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் ஒரே நொதியை, ஆடிக்கொண்டிருக்கும் நுனிகளை வெவ்வேறு இடங்களில் வெட்டி, பல வடிவங்களாக ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரே சமயத்தில் தயாரித்தோம். 24 குழித் தட்டுகளில் பாக்டீரியாவுக்குக் காற்றுப் போதவேண்டுமென்றால் வேகமாகக் குலுக்க வேண்டும். குலுக்கும் இயந்திரமான ஷேக்கரில் தட்டுகள் இடம்விட்டு நழுவிக்கொண்டே இருந்தன. கணபதி லேத் பட்டறை அண்ணா ஒரு தட்டை வாங்கி அளந்து, அலுமினியத்தில் கிளாம்ப் செய்து தந்தார். கூலி கேட்டபோது, "மொதல்ல ஓடுதான்னு பாருங்க" என்றார். ஓடுதுங்க அண்ணா, துளி அசைவில்லை.

படிகமாக்க 96 குழித் தட்டுகள். குழிக்கு ஒரு வேதிக்கலவை, 100 நானோலிட்டர் புரதம். தட்டு முழுவதற்கும் 10 மைக்ரோலிட்டர் போதும் என்பதால்தான் இத்தனை கலவைகளைச் சோதிக்க முடிகிறது. துளியின் நீர் மெல்ல வெளியேற, புரதம் செறிந்து படிகம் கட்டும். அதுவரை அறை 20 டிகிரியிலேயே நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் அது பெரும்பாடு. ஸ்பின்னிங் மில்களில் ஹியூமிடிட்டி பிளாண்ட் பார்க்கும் பீளமேட்டு அண்ணா இரண்டு ஏசிகளை மாற்றி மாற்றி ஓடும்படி அமைத்தார். கம்ப்ரஸர் அதிர்வு துளிகளுக்கு ஆகாது என்று நாங்கள் சொல்லும் முன்பே அதைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் ரப்பர் மேல் வைத்தார்.

தட்டு தட்டாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்த எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கும் நன்றி. பெரும்பாலான துளிகளில் தெளிநீர், இல்லையென்றால் பழுப்பு வண்டல். உப்புப் படிகமும் ஏமாற்றும். ஒரு குழியின் ஓரத்தில் மயிர் போலிருந்த ஊசிப் படிகங்களை விடாமல் குறித்துவைத்த அம்மணிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஊசிகளை நொறுக்கி விதையாக இட்டுத்தான் நல்ல படிகம் வளர்த்தோம்.

மாட்டுச் சினை ஊசிக்காகக் கால்நடை மருத்துவர்களுக்குத் திரவ நைட்ரஜன் கொண்டுபோகும் பொள்ளாச்சி ஐயா, விடுமுறை நாளிலும் வந்து நிரப்பித் தந்தார். மைனஸ் 196 டிகிரியில் உறைந்த படிகங்கள் வலுவான எக்ஸ்ரே கதிர்களைத் தரும் இந்தூர் இண்டஸ்-2 ஒளிமூலம் வரை கெடாமல் போய்ச் சேர்ந்தன. படிகத்தில் பட்டுச் சிதறிய எக்ஸ்ரேயின் புள்ளிகள் தெளிவாக விழுந்தன; அவற்றிலிருந்துதான் அணுக்களின் இருப்பிடங்களைக் கணக்கிட்டோம். கிடைத்த அமைப்பைச் சரிபார்க்க உதவியதும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் வரைபடம்தான்.

நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு ஒருநாள் வாங்க. நொதியைத் திரையில் சுழற்றிக் காட்டுகிறோம். படிக அறைக்குள் மட்டும் இருவர் இருவராகத்தான் போகணுங்க. அடுத்த தட்டுகள் உள்ளே இருக்கின்றன.