நீளம் எங்கே வீணாகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

காணாமல் போன குழந்தையைப் பற்றிய 700 பக்க நாவலை வாசகர்கள் பலரும் 'இழுவை' என்று எழுதியிருந்தார்கள். பக்கங்கள் எங்கே செலவாகின்றன என்பதுதான் என் வருத்தம்.

"24 மணி நேரம் கழித்து வாங்க" என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவதற்கே மூன்று அத்தியாயங்கள். அப்படிக் காத்திருக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. நடைமுறையில் சிக்கல் வேறு: எஃப்.ஐ.ஆர். பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், விசாரணை அதோடு நின்றுவிடும். அந்தத் துண்டுச் சீட்டோடு பெற்றோர் அலைவதை நான்கே பக்கத்தில் எழுதியிருந்தாலும் நெஞ்சு பதறியிருக்கும்.

நான்கு மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். புது அதிகாரி, மறுபடி முதலிலிருந்து கேள்விகள்: அன்றைக்கு என்ன நிறச் சட்டை, மச்சம் இடது தோளிலா, வலதிலா? தாய்க்கே நினைவு தடுமாறத் தொடங்கும் காலம் அது. நாவல் விரிந்திருக்க வேண்டிய இடமும் அதுதான். அங்கே போய் 'மாதங்கள் ஓடின' என்று ஒரே வரி!

கனவுக் காட்சிகளைத் தாராளமாக வெட்டலாம். இன்னொரு பிழையும் உண்டு: மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். கதையில் நேரே வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். மறுபதிப்பில் இதையாவது திருத்தட்டும்.

– ஒரு வாசகர், கரூர்